இடம், உயரம், எடை

"இடது கையைத் தூக்கச் சொல்லுங்க. தூக்க முடியுதா?" என்று அவள் கேட்டபோது மறுமுனையில் இருந்தவர் அழ ஆரம்பித்தார்.

மலை மீட்பு ஹெலிகாப்டர் தளத்தில் மணி பதினொன்று நாற்பத்திரண்டு. ரோப்கார் மேல் நிலையத்திலிருந்து வந்த அழைப்பு. அங்கே வண்டியை ஓட்டுகிறவரை எல்லோரும் மேல்மாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். வாரத்தில் ஐந்து நாள் அந்த உச்சியிலேயே கிடப்பவர். பனிச்சரிவில் சிக்கி மூன்று விரல் போனபோதுகூட, மோதிரம் போடும் தொல்லை விட்டது என்று இதே போனில் சிரித்தவர். அவர் அழுது அவள் கேட்டதில்லை.

"அண்ணே, அழாதீங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஆளு பேசுறாரா?"

"பேசுறாரும்மா. வேணாம்னாலும் பேசுறாரு. உங்கப்பாம்மா. உங்கப்பாதான்."

அவள் முன்னால் படிவம் இருந்தது. இடம், உயரம் என்ற கட்டங்களை நிரப்பியிருந்தாள். வயது என்ற கட்டத்தில் அவள் கை அறுபத்தொன்று என்று எழுதியது. யாரிடமும் கேட்காமல் எழுதியதைப் பிறகுதான் கவனித்தாள்.

"அவருக்கு இன்னைக்கு லீவாச்சே."

"என் கூட வேலை பாக்குறவன் குழந்தைக்குக் காய்ச்சல்னு காலைல முதல் வண்டியில இவரு ஏறி வந்தாரும்மா. சக்கரத்துக்கு கிரீஸ் போட்டுட்டு இருந்தவரு, நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்துட்டாரு. சட்டையெல்லாம் வேர்வை. வண்டியை இறக்கலாம்னா நடுத்தூணுகிட்ட காத்து எழுபதைத் தாண்டுது. இறக்கினா கேபின் தூணுல அடிச்சிடும்."

மேல் நிலையத்துக்குச் சாலை கிடையாது. நடந்து இறங்க ஆறு மணி நேரம். அவள் முதலுதவிப் பெட்டியில் இருக்கும் வெள்ளை மாத்திரையின் பெயரைச் சொல்லி, ஒன்றை மென்று விழுங்கச் சொன்னாள். சாய்த்து உட்கார வைக்கச் சொன்னாள். அவள் குரல் சரியாகத்தான் இருந்தது. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு மணியை அழுத்தினாள்.

முதலில் டாக்டர் வந்தாள். படிவத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சரியா அறுபத்தொண்ணுன்னு யாரு சொன்னாங்க?"

"எங்கப்பா."

டாக்டர் பக்கத்து அறையின் கதவைப் பார்த்தாள். அங்கேதான் அவளுடைய அண்ணன் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தான். அன்றைய பணிக்கு அவன்தான் விமானி.

அந்தத் தளத்தில் ஒரு விதி உண்டு. விமானிக்கு இடம், உயரம், எடை, இந்த மூன்றை மட்டும்தான் சொல்ல வேண்டும். மேலே கிடப்பது யார், குழந்தையா கிழவரா, பிழைப்பாரா மாட்டாரா என்று எதையும் சொல்லக்கூடாது. போவதா வேண்டாமா என்பதை அவன் வானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஆளைப் பார்த்து அல்ல. ஒன்பது வருடங்களுக்கு முன்பு நாலு வயதுக் குழந்தை என்று கேள்விப்பட்ட ஒரு விமானி மேகத்துக்குள் நுழைந்தான். அவனும் ஒரு டாக்டரும் ஒரு மீட்பாளரும் பாறையில் மோதி இறந்துபோனார்கள். குழந்தையை ஊர்க்காரர்கள் தோளில் தூக்கி இறக்கினார்கள், அது பிழைத்தது. அந்த விமானியின் இடத்துக்குத்தான் அண்ணன் வந்தான்.

"சொல்லப் போறியா?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டாள். அந்த ஹெலிகாப்டரில் அவளும் ஏற வேண்டும்.

பதில் சொல்வதற்குள் அண்ணன் வந்துவிட்டான். பின்னாலேயே மீட்பாளன் குச்சி. நூறு கிலோ எடையுள்ளவனுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை.

"இடம்?"

"ரோப்கார் மேல் நிலையம்."

"நல்ல வேளை, அப்பாவுக்கு இன்னைக்கு லீவு. இல்லேன்னா இந்தக் காத்துல அங்க மாட்டிட்டு இருப்பாரு" என்றான் அண்ணன், கையுறையை இழுத்துக்கொண்டே. "உயரம் தெரியும். எடை?"

"எழுபத்தி நாலு."

"சுமார் இல்லையா? மேல தராசு வச்சிருக்காங்களா என்ன?"

"குச்சியை நிறுத்துப் பாக்கத்தான் வாங்கி வச்சிருப்பாங்க" என்றாள் டாக்டர் சட்டென்று.

"என்னை நிறுக்கத் தராசு பத்தாது டாக்டர், லாரி ஏத்துற மேடை வேணும்" என்றான் குச்சி. அண்ணன் சிரித்தபடி வெளியேறினான். டாக்டர் போகும்போது அவள் தோளை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு ஐந்துக்கு ஹெலிகாப்டர் கிளம்பியது. தான் சொல்லித்தான் கிளம்ப வேண்டும் என்பது இல்லையே, யாராக இருந்தாலும் அவன் முதலில் கிளம்பிப் பார்ப்பான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் யாராக இருந்தாலும் திரும்பியும் வருவான். அதுவும் அவளுக்குத் தெரியும்.

வயர்லெஸ்ஸில் அவன் குரல் நிதானமாக வந்தது. "தளம், நடுத்தூணுக்குக் கீழ இருக்கேன். தூணோட தலை தெரியல. சுத்திப் பாக்கறேன்." மூன்று நிமிடம் கழித்து, "கிழக்குப் பக்கமும் அடைச்சிருக்கு. திரும்பறேன்."

"சரி விமானி" என்றாள். பணி நேரத்தில் அவர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு இருபத்தாறுக்கு ஹெலிகாப்டரின் சறுக்குச் சட்டங்கள் தரையைத் தொட்டன.

அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மேல்மாடிக்காரர் அழைத்தார். டாக்டர் மூச்சை எண்ணச் சொன்னாள், நாடியை எண்ணச் சொன்னாள். அவள் எண்களை நிரலாக எழுதினாள். நாடி ஏறிக்கொண்டே போனது. நூற்றுப் பத்து என்பதை ஐந்து நிமிடம் இடைவெளி விட்டு இரண்டு முறை எழுதியிருந்தாள், இரண்டாவது உண்மையாகவே நூற்றுப் பத்தா, முதலாவதைப் பார்த்து எழுதினோமா என்று சந்தேகம் வந்தது. திரும்பக் கேட்டாள். நூற்றுப் பதினெட்டு.

அண்ணன் வெளியே தளத்தின் ஓரத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். குச்சி அவனுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தான். அவன் வாங்கி, குடிக்காமல் கையில் வைத்திருந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் அவனையே பார்த்தாள். கதவைத் திறந்து நாலு எட்டு நடந்தால் போதும். இரண்டே வார்த்தை. அவன் உடனே ஏறிவிடுவான், யாரும் தடுக்க முடியாது. டாக்டரும் குச்சியும் வரமாட்டோம் என்று சொல்லமாட்டார்கள். பிறகு அந்த மேகத்துக்குள் மூன்று பேர் இருப்பார்கள். மேலே ஒருவர்.

இந்தக் கணக்கை அவள் போட விரும்பவில்லை. ஆனால் அது தானாகவே திரும்பத் திரும்ப ஓடியது.

ஒன்று நாற்பத்தைந்துக்குத் தொலைபேசியில் அப்பா வந்தார்.

"பொடிசு."

"அப்பா. பேசாதப்பா. மூச்சு வாங்குது பாரு."

"இன்னைக்கு டூட்டி யாரு? பெரியவனா?"

"ஆமாப்பா."

"அவன்கிட்ட நான்தான்னு சொல்லிட்டியா?"

அவள் டாக்டரைப் பார்த்தாள். ஒலிபெருக்கி போட்டிருந்ததால் டாக்டருக்கும் எல்லாம் கேட்டது.

"இங்க நல்லா வெயிலடிக்குது" என்றார் அப்பா, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நின்று. "மேகமெல்லாம் காலுக்குக் கீழதான் கிடக்கு. ஏன் வரமாட்டேங்கறான்னு எனக்குப் புரியல. நான்னு தெரியாதோ என்னவோ. சொல்லு. சொன்னா வந்துடுவான்."

"சொல்றேம்பா."

அவள் எழுந்தபோது வெளியே வெளிச்சம் மாறியது. மேகம் கிழிந்து ஒரு சாளரம் போலத் திறந்தது. அதற்குள், வெகு உயரத்தில், மேல் நிலையத்தின் தகரக் கூரை வெயிலில் பளபளத்தது. ஒன்று நாற்பத்தெட்டு. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"திறந்திருக்கு அண்ணா! போகலாமா?"

பணி நேரத்தில் அண்ணா என்று கூப்பிட்டுவிட்டாள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"திறந்தது எனக்கும் தெரியுது. ஓரத்தைப் பாரு, எப்படிச் சுருளுதுன்னு. நாலு நிமிஷத்துல மூடிடும். நான் அங்க போய்ச் சேர ஒம்போது."

"ஒரு தடவை பாரேன்."

"ஏன் இப்படிக் கேக்குற?" அவன் கண்கள் சுருங்கின. "ஒரு நாளும் நீ ரெண்டாவது தடவை கேட்டதில்லை. யாரு மேல?"

டாக்டர் வாசலில் வந்து நின்றாள். குச்சி ஹெலிகாப்டரின் கதவுப் பிடியில் கை வைத்திருந்தான். அவன் பையன் போன வாரம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தான். பையனுடைய நோட்டுப் புத்தகத்துக்கு உறை போடத் தெரியவில்லை என்று குச்சி காலையில் இவளிடம் கேட்க, மேசையில் உட்கார்ந்து இரண்டு பேருமாகப் போட்டார்கள்.

"தெரியாது" என்றாள். "மேல இருக்கிறவங்க கேட்டுட்டே இருக்காங்க. அதான்."

அவன் மறுபடி வானத்தைப் பார்த்தான். கையை மடக்கி மணி பார்த்தான். அவளுக்கு அவன் மேல் கொலைவெறி வந்தது. பார்க்காதே, ஏறு என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஏறிவிடுவானோ என்று பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

"வேணாம்" என்றான். "முடியாது."

ஒன்று ஐம்பத்து நாலுக்கு மேகம் மூடியது. ஆறு நிமிடம். நாலு அல்ல, ஆறு. எஞ்சின் சூடேற இரண்டு, பறக்க ஒன்பது. எப்படிப் போட்டாலும் பதினொன்றுதான் வந்தது. ஆனாலும் அவன் நாலு என்றது தப்பாகிவிட்டதே, ஒன்பது என்றதும் தப்பாக இருக்கலாமே என்று ஒரு நினைப்பு அவளை விடவில்லை.

தொலைபேசியை எடுத்தாள்.

"அப்பா."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்பா. கிளம்பிட்டான்."

"நான் சொல்லல?" என்றார் அப்பா. யாரிடமோ திரும்பி, "கிளம்பிட்டானாம். என் பையன்" என்பது தூரத்தில் கேட்டது. பிறகு தொலைபேசியை எங்கோ வைத்துவிட்டார்கள். எதையோ இழுக்கும் சத்தமும், காற்றும், அப்பா ஏதோ உத்தரவு போடும் குரலும் வந்தன. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

இரண்டு முப்பத்தொன்றுக்கு மேல்மாடிக்காரர் ஓடி வந்து தொலைபேசியை எடுத்தார். "கண்ணு மேல போயிடுச்சும்மா. மூச்சு இல்ல."

"ஸ்பீக்கரைப் போட்டுட்டு, தரையில படுக்க வைங்க. மல்லாக்க. நெஞ்சு நடுவுல உள்ளங்கையை வைங்க. மேல இன்னொரு கை. முழங்கையை மடக்காம அமுக்குங்க. நான் எண்றேன், எண்ணுக்கு ஒண்ணு. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

அவள் எண்ணினாள். இந்த வேலையில் பல பேருக்கு எண்ணியிருக்கிறாள். முப்பது வந்ததும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். வேகம் கூடக் கூடாது, குறையவும் கூடாது. மேல்மாடிக்காரர் விசும்பிக்கொண்டே அமுக்கினார். ஏழு விரல்களோடு அவர் எப்படிப் பிடிக்கிறார் என்று ஒரு கணம் தோன்ற, எண் தடுமாறியது. பதினேழா, பதினெட்டா? பதினெட்டு என்று சொன்னாள்.

நடுவில் அண்ணன் உள்ளே வந்தான். அவள் எண்ணுவதைக் கேட்டதும் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, சுவரோரமாக நின்று தொப்பியைக் கழற்றினான். எல்லோருக்கும் அவன் அப்படித்தான் நிற்பான். அவள் அவனைப் பார்க்காமல் எதிரே இருந்த படிவத்தையே பார்த்து எண்ணினாள்.

முப்பத்தெட்டு நிமிடங்களுக்குப் பிறகு டாக்டர் மெதுவாகத் தொலைபேசியை அவள் கையிலிருந்து எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள். மேல்மாடிக்காரரிடம் கண்மணியில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னாள். கழுத்தைத் தொடச் சொன்னாள். "போதும் அண்ணே. நிறுத்திடுங்க. உங்களால முடிஞ்சதுக்கு மேலயே செஞ்சிட்டீங்க" என்றாள்.

அவள் நேரத்தை எழுதினாள். மூன்று ஒன்பது.

தளத்தில் அந்த விதிக்கு ஒரு வால் உண்டு. எல்லாம் முடிந்த பிறகு விமானி கேட்டால் சொல்லலாம். சில விமானிகள் எல்லாவற்றையும் கேட்பார்கள். சிலர் எதையும் கேட்கமாட்டார்கள். அண்ணன் எப்போதும் ஒன்றே ஒன்று கேட்பான்.

"வயசு என்ன?"

"நான் சொல்றேன்" என்று டாக்டர் எழுந்தாள்.

"அறுபத்தொண்ணு" என்றாள் அவள்.

"அப்பா வயசு" என்றான் அண்ணன். தொப்பியைத் திரும்ப மாட்டப் போனான்.

"அப்பாதான்."

அவன் கை தலைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது.

"லீவுல்ல?"

"வேற ஆளுக்குப் பதிலா போயிருக்காரு."

"எத்தனை மணிக்கு உனக்குத் தெரிஞ்சுது?"

"பதினொண்ணு நாப்பத்திரண்டு."

அவன் தலையை ஆட்டினான், கிளம்பும் முன் எரிபொருள் அளவைக் கேட்டுக்கொள்வதுபோல. டாக்டர் பக்கம் திரும்பினான். அவள் தலையைக் குனிந்தாள். குச்சிக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணன் வெளியே போனான். கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். அவன் ஹெலிகாப்டருக்குப் போகவில்லை. தளத்தின் ஓரம்வரை போய், பகல் முழுக்க நின்ற அதே இடத்தில் நின்றான். பிறகு உட்கார்ந்தான். மேகம் அப்போதும் விலகவில்லை. விலகாதே, இன்று மட்டும் விலகாதே என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

அவள் தலைமையகத்துக்குப் போன் செய்து விமானியால் இன்று பணி செய்ய முடியாது என்றாள். காரணம் கேட்டார்கள். குடும்பத்தில் ஒரு சாவு என்றாள். யார் என்று கேட்டார்கள். சொன்னாள். "உங்களுக்கும் ஆழ்ந்த..." என்று அந்தப் பக்கம் தொடங்கியது. நன்றி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஹெலிகாப்டர் இறந்தவர்களை ஏற்றாது. ஐந்து மணிக்குக் காற்று இறங்கியதும் ரோப்கார் ஓடும் என்று தகவல் வந்தது. கீழ் நிலையம் தளத்திலிருந்து பத்து நிமிட நடை. அண்ணன் முன்னால் நடந்தான், அவள் பின்னால். அவன் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பாதை குறுகிய இடத்தில் ஒரு முள்கிளையை விலக்கி, அவள் தாண்டும்வரை பிடித்திருந்துவிட்டுப் பிறகு நடந்தான். அது பழக்கத்தில் செய்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மேகத்துக்குள்ளிருந்து கேபின் இறங்கி வந்தது. முதலில் கம்பிவடம் மட்டும் நடுங்கியது, பிறகு மஞ்சள் நிறம் தெரிந்தது. நடைமேடையில் கேபின் நின்றதும் கதவு திறந்து மேல்மாடிக்காரர் இறங்கினார். அண்ணனைப் பார்த்ததும் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கடைசிவரைக்கும் உங்களைத்தான் சொல்லிட்டு இருந்தாரு. நீங்க கிளம்பிட்டீங்கன்னு பாப்பா சொன்னதும் மனுஷனுக்கு எங்கிருந்து தெம்பு வந்துச்சோ. உக்காந்த இடத்துல இருந்தே என்னை விரட்டுறாரு. அந்தத் தகரத்தைக் கட்டு, பறந்து விசிறியில மாட்டிக்கும். அந்தக் கொடிக்கயிறை அவுரு. அவனுக்கு இந்தப் பக்கமா இறங்கினாத்தான் வசதி. நான் தார்ப்பாயைச் சுருட்டி முடிக்கிறதுக்குள்ள..."

அவரால் முடிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு மணிக்குக் கிளம்பினீங்களே தம்பி. நாங்க சத்தம் கேக்குதா கேக்குதான்னு பாத்துட்டே இருந்தோம். மேல அவ்வளவு வெயிலு. என்ன ஆச்சு?"

அவள் நடைமேடையின் இரும்புத் தகட்டைப் பார்த்தாள். அண்ணன் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். அவன் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று அவளால் எண்ண முடியவில்லை.

"மேகம்ணே" என்றான் அவன். "நடுத்தூணுவரைக்கும் வந்தேன். அதுக்கு மேல முடியல. திரும்பிட்டேன்."

"அப்பவும் வந்தீங்கல்ல" என்றார் மேல்மாடிக்காரர். "அது போதும் அவருக்கு."

அப்பா கேபினின் தரையில், ஒரு பச்சைப் போர்வைக்குள் இருந்தார். கால் பக்கம் போர்வை எட்டவில்லை. கேபின் கம்பிவடத்தில் தொங்கி, நடைமேடையிலிருந்து ஒரு சாண் விலகி விலகி ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு காலை உள்ளே வைத்து, இன்னொரு காலை நடைமேடையில் ஊன்றி, அது ஆடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவளைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினான். அவள் உள்ளே ஏறி அப்பாவின் காலடியில் உட்காரும்வரை அந்தக் காலை அவன் எடுக்கவில்லை.